பாட்டிமார் பெயர்களின் கடைசி அசை

ரங்கசாமி ஐயங்கார், கமலம்மா தம்பதியின் மூன்று பெண்களுக்கும் வைத்த பெயர்கள் அம்புஜவல்லி, வேதவல்லி, பத்மவல்லி. ஸ்ரீரங்கத்துப் பூர்வீகம், ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் வேலைக்காகக் கன்னட நாட்டுக்கு வந்து சேர்ந்த குடும்பம். வேதவல்லிக்கு 1948 பிப்ரவரி 24 அன்று மேல்கோட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வழக்கப்படி தந்தைவழிப் பாட்டி பெயரை வைத்தார்கள்: கோமளவல்லி. ஆக, ஒரே குடும்பத்தில் நான்கு வல்லிகள்.

இந்த நான்கு பெயர்களுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் நேர்ந்ததைக் கவனியுங்கள். அம்புஜவல்லி சென்னைக்குப் போய்ச் சினிமாவில் வித்யாவதி ஆனார். வேதவல்லி சந்தியா ஆனார். குழந்தை கோமளவல்லிக்கு ஒரு வயதிலேயே பள்ளிக்கூடப் பெயராக ஜெயலலிதா வந்தது. மைசூரில் குடும்பம் வாழ்ந்த ஜெயா விலாஸ், லலிதா விலாஸ் என்ற இரண்டு வீடுகளின் பெயர்களைச் சேர்த்து அமைத்தது என்பார்கள். பெங்களூர் பிஷப் காட்டன் பெண்கள் பள்ளியில் அவர் படித்தது அந்தப் பெயரில்தான். வீட்டில் அம்மு. கோமளவல்லி என்ற பெயர் சடங்குக்கும் ஜாதகத்துக்கும் உரியதாக ஒதுங்கிவிட்டது. பத்மவல்லி ஒருவர்தான் கடைசிவரை வல்லியாகவே இருந்தார்.

பிரபலமான குடும்பம் என்பதால் இந்த மாற்றம் பதிவாகியிருக்கிறது. இதே மாற்றம் பெங்களூரின் அல்சூரிலும் மல்லேஸ்வரத்திலும் சிவாஜிநகரிலும் ஆயிரக்கணக்கான தமிழ் வீடுகளில் சத்தமில்லாமல் நடந்தது. ஒரு தலைமுறைப் பெயர்கள் முழுவதும் பின்கட்டுக்குப் போயின. இப்போது அவற்றில் சில திரும்பி வருகின்றன, சில வரவே இல்லை. ஒரே பொருள் கொண்ட, ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு பெயர்களில் ஒன்று மீள்கிறது, மற்றொன்று கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. ஏன்? பொருள் பழசாகிவிட்டது, மரபு மறந்துவிட்டது என்பதெல்லாம் பாதி விடைகூட ஆகாது. பெயரின் தலையெழுத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் ஓசை, அதிலும் கடைசி அசை என்பது என் கருத்து.

வல்லிகளிலிருந்தே தொடங்கலாம். வேதவல்லி திருவல்லிக்கேணித் தாயார். அம்புஜவல்லி ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கிறாள், கோமளவல்லி கும்பகோணம் சாரங்கபாணி கோயிலில், கமலவல்லி உறையூரில், கனகவல்லி திருவள்ளூரில், அமிர்தவல்லி சோளிங்கரில். வைணவக் குடும்பங்களில் இந்தப் பெயர்கள் ஊர் விட்டு ஊர் போகும்போது கூடவே போயின. மேல்கோட்டைத் தாயாரின் பெயர் யதுகிரி. அது அந்த வட்டாரத்துக்கே உரிய பெயர். புதுச்சேரியில் பாரதியைச் சிறுமியாக இருந்து பார்த்து, பின்னாளில் நினைவுகளை எழுதிய யதுகிரி அம்மாள், மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகள். மண்டயம் ஐயங்கார்களின் வேர் மேல்கோட்டைப் பக்கம். பெயரைக் கேட்டாலே ஊரும் குடியும் தெரிந்துவிடும் காலம் அது.

வல்லி என்றால் கொடி. கோமளவல்லி என்பது இளங்கொடி. பின்னால் தனித்தமிழ் உணர்வு பெருகி, வடமொழிப் பெயர்கள் வேண்டாம் என்ற காலத்தில் பூங்கொடி, மலர்க்கொடி, பொற்கொடி என்று பெண்களுக்குப் பெயர் வைத்தார்கள். அரசியல் நேர் எதிர். பெயரின் கட்டுமானமும் அதில் தெரியும் காட்சியும் அதேதான். பொருளே பெயரை வாழவைக்கும் என்றால் கனகவல்லியும் பொற்கொடியும் ஒரே நேரத்தில் வாழ்ந்து ஒரே நேரத்தில் மறைந்திருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கனகவல்லி மங்கிய பிறகுதான் பொற்கொடி எழுந்தது. ஓசை மாறியதும் அதே கொடி புதிதாகத் தெரிந்தது.

இன்னும் தெளிவான சாட்சி தாமரைதான். இந்திய மொழிகளில் பெண் பெயர்களுக்கு இத்தனை வாரி வழங்கிய பூ வேறொன்று இருக்குமா என்பது சந்தேகம். கமலம், பத்மா, நளினி, பங்கஜம், அம்புஜம், சரோஜா, வனஜா, ஜலஜா, நீரஜா, வாரிஜா. சேற்றில் பிறந்தது, நீரில் பிறந்தது, பொய்கையில் பிறந்தது என்று பிறந்த இடத்தை வைத்தே பாதிப் பெயர்கள். அலமேலுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான்; அலர்மேல்மங்கை சுருங்கி அலமேலு ஆனாள். டி. கே. பட்டம்மாளின் இயற்பெயர் அலமேலு.

இந்தத் தாமரைகளோடு ஓசையில் ஒட்டிக்கொண்ட வேறு பெயர்களும் உண்டு. ஜலஜாவும் சைலஜாவும் இரண்டாம் எழுத்தும் முடிவும் ஒன்றி வருபவை. ஆனால் ஒன்று நீரில் பிறந்தது, மற்றொன்று மலையில் பிறந்தது. சரோஜாவும் கிரிஜாவும் வருக்க எதுகை. ஒருத்தி திருமகளின் பூ, மற்றவள் மலைமகள். கமலா, விமலா, அமலா மூன்றும் எதுகையும் இயைபும் சேர்ந்து வருபவை. கமலா தாமரை, விமலாவும் அமலாவும் நிர்மலாவும் மாசற்றவள் என்ற ஒரே பொருளின் மூன்று வடிவங்கள். அக்கா கமலா என்றால் தங்கை விமலா என்று வைத்த பெற்றோர் அகராதியைப் பார்த்து வைக்கவில்லை. செய்யுள் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இரண்டு பெயர்களும் ஓரடியின் இரண்டு சீர்கள்போல இசைந்தன. சைவம், வைணவம் என்ற வேலியைக்கூட இந்த ஓசை தாண்டியது. சரோஜாவின் தங்கை கிரிஜாவாக இருப்பதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

இனி, ஒரே தாமரையின் இரண்டு பெயர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்: பங்கஜம், சரோஜா. இரண்டும் வடமொழி, இரண்டும் மூன்று அசையில் அடங்கிவிடும், இரண்டும் ஒரே பூ. பங்கஜம் மூத்தது. பழைய வீடுகளில் பரண்மேல் கிடக்கும் பித்தளை அண்டாவையும் எவர்சில்வர் குடத்தையும் இறக்கிப் பாருங்கள். விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாக வெட்டிய எழுத்தில் பங்கஜம், அம்புஜம், மரகதம், கனகம், ராஜம் என்று கல்யாணச் சீரோடு வந்த பெயர்கள் இருக்கும். அதற்கு அடுத்த தலைமுறைப் பாத்திரங்களில் சரோஜா, வனஜா, கிரிஜா, பத்மா. அதற்கும் அடுத்ததில் சுமதி, மாலதி, வசந்தி. பிறகு பாத்திரத்தில் பெயர் வெட்டும் வழக்கமே குறைந்துவிட்டது. பரணை இறக்கினால் கிடைக்கும் இந்த வரிசையில் அம், ஆ, இ என்று கடைசி அசை தலைமுறைக்குத் தலைமுறை நகர்வது கண்ணுக்கே தெரியும்.

எழுத்தாளர் வாஸந்தியின் இயற்பெயர் பங்கஜம். கர்நாடகத்தில் பிறந்தவர், ஜெயலலிதாவின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவரும் அவரே. வேதவல்லி சந்தியா ஆனதும் பங்கஜம் வாஸந்தி ஆனதும் வேறு வேறு துறைகளில் நடந்தவை, திசை ஒன்றுதான். கனமான முடிவை விட்டு மெல்லிய முடிவுக்குப் போவது. பெங்களூர் பி.இ.எல். நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஸ்ரீரங்கம் எஸ். ரங்கராஜன் எழுத்துலகுக்காக எடுத்துக்கொண்டது மனைவியின் பெயரை: சுஜாதா. அந்தத் தலைமுறையின் காதுக்குப் பிடித்த ஓசை எது என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இந்த மாற்றத்தில் பெங்களூருக்குத் தனி இடம் உண்டு. 1809இல் ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அலை அலையாக இங்கே வந்து வேரூன்றின. அவர்களின் பெயர்களைத் தினமும் கூப்பிட்டவர்கள் கன்னட அயலார். தமிழில் மரம், கன்னடத்தில் மர. தமிழில் புத்தகம், கன்னடத்தில் புஸ்தக. அதே விதிப்படி தமிழில் கமலம், கன்னடத்தில் கமல. கடைசி மகர ஒற்றுதான் தமிழ் அடையாளம். கன்னட வாயில் அது நிற்காது. எனவே கமலம் பக்கத்து வீட்டாருக்குக் கமலம்மா ஆவார், அடுத்த தலைமுறையில் கமலா ஆவார். சென்னையில் ஃபேஷன் செய்த வேலையை இங்கே ஃபேஷனும் அக்கம்பக்கத்து மொழியும் சேர்ந்து செய்தன. சரோஜா, வனஜா, கிரிஜா போன்றவை இரண்டு மொழிக்கும் எந்தச் சேதாரமும் இல்லாமல் பொருந்தின. பெங்களூரில் 1938இல் பிறந்து, தமிழகமே கன்னடத்துப் பைங்கிளி என்று கொண்டாடிய பி. சரோஜாதேவியின் பெயரைத் தமிழ்க் காது ஒரு நாளும் அந்நியமாகக் கேட்டதில்லை. 2025 ஜூலையில் அவர் இதே நகரில் காலமானபோது, இரண்டு மாநிலங்களிலும் அவரை வாய் நிறையச் சொன்னது ஒரே பெயரால்தான்.

பெங்களூர் நாகரத்தினம்மாவின் பெயரும் இங்கே நினைக்கத்தக்கது. 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். முத்துப்பழனியின் ராதிகா சாந்த்வனத்தை 1910இல் பதிப்பித்து, அதற்காக வழக்கும் தடையும் கண்டவர். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். கன்னடத்தில் நாகரத்னம்ம, தமிழில் நாகரத்தினம்மாள். ஒரே பெண்மணி, கடைசி மெய் ஒன்று கூடுகிறது, குறைகிறது. அந்த ஒரு மெய்யெழுத்தால் அவரைத் தங்களவராக்கிக்கொண்டார்கள் இரு மொழியாரும். இன்று எந்தக் குழந்தைக்கும் நாகரத்தினம் என்று பெயர் வைப்பதாகக் கேள்விப்படவில்லை. ஆனால் ரத்னா என்றால் இப்போதும் வைக்கிறார்கள்.

அலமேலுவுக்குக் கன்னட நாட்டில் வேறொரு சுமையும் இருக்கிறது. 1610இல் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றியபோது, விஜயநகரப் பிரதிநிதியின் மனைவி அலமேலம்மா ரங்கநாயகியின் நகைகளோடு தப்பி ஓடி, தலக்காடு மணலாகட்டும், மைசூர் அரசர்க்குப் பிள்ளை இல்லாமல் போகட்டும் என்று சபித்துக் காவிரியில் குதித்தார் என்பது ஐதிகம். மைசூர் அரண்மனை இன்றும் அவருக்குப் பூசை செய்கிறது. தமிழகத்தில் மங்கலமாக ஒலிக்கும் பெயர், ஒரு நாள் பயணத் தொலைவில் சாபத்தின் நினைவாக ஒலிக்கிறது. இப்படி ஒரு கதை பெயரைத் தடுக்கக்கூடும்தான். ஆனால் கதையே இல்லாத சென்னையிலும் அலமேலு வழக்கொழிந்தாள் என்பதால், அங்கும் இங்கும் பொதுவான காரணம் ஓசை என்றே நினைக்கிறேன். மேலு என்ற உகர முடிவு கொண்ட பெண் பெயர்களுக்கு இன்று இடமே இல்லை.

உலகம் முழுவதும் இப்படித்தானா என்று கேட்டால், பெரும்பாலும் ஆம். ஹார்வர்டு சமூகவியலாளர் ஸ்டான்லி லீபர்சன் 2000இல் வெளியிட்ட நூலில், பெயர் ரசனை மாறுவதற்கு அரசியலும் சினிமாவும் நாம் நினைக்கும் அளவுக்குக் காரணமில்லை என்று வாதிட்டார். ரசனைக்குள்ளேயே ஓர் ஓட்டம் இருக்கிறது. ஓர் ஓசை பிடித்துப்போனால் அதை ஒட்டிய ஓசைகளும் மேலேறும். பிரபலங்கள் பல நேரங்களில் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருக்கும் பெயரின்மேல் சவாரி செய்கிறார்கள். ஜோனா பெர்கரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் அமெரிக்கப் பெயர்ப் பதிவுகளைப் புயல்களின் பெயர்களோடு ஒப்பிட்டார்கள். 2005இன் கத்ரீனா புயலுக்குப் பிறகு, அதே முதல் ஒலியுடைய வேறு பெயர்கள் கூடின. பேரழிவின் பெயரிலிருந்துகூட ஓசை மட்டும் காதில் தங்கிவிடுகிறது. 1880இல் அமெரிக்காவின் மூன்றாவது பிரபலப் பெண் பெயர் எம்மா. நூறாண்டில் பாட்டி பெயராக மங்கி, பிறகு 2014 முதல் 2018 வரை முதலிடத்தில் நின்றது. எலா, அவா, மியா என்று இரண்டே அசையில் ஆகாரத்தில் முடியும் பெயர்கள் அதே காலத்தில் கூட்டமாக வந்ததைச் சேர்த்துப் பார்த்தால்தான் எம்மாவின் வருகை புரியும்.

நம்மிடமும் சினிமாவுக்குப் புகழ் போய்ச் சேர்ந்த கதைகள் உண்டு. கே. சுப்ரமணியத்தின் பாலயோகினி 1937இல் வந்தபோது பேபி சரோஜா நாடெங்கும் பேசப்பட்டாள். அவள் நினைவாகப் பல பெண் குழந்தைகளுக்குச் சரோஜா என்று பெயரிட்டார்கள். அந்தத் திரைப்படம் அந்தப் பெயரைப் பரப்பியது உண்மை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்தச் சிறுமிக்கு 1931 வாக்கிலேயே அவள் வீட்டார் அந்தப் பெயரைத்தானே தேர்ந்தெடுத்தார்கள்? அந்தப் படம் வருவதற்கு முன்பே ஜா முடிவு காற்றில் இருந்தது. 2018இல் வந்த 96 படத்தின் நாயகிக்குப் பாடகி எஸ். ஜானகியின் நினைவாக ஜானகி என்று பெயர். படம் பார்த்தவர்கள் மனத்தில் நின்றதோ ஜானு. இன்று பெங்களூர்த் தமிழ் வீடுகளில் ஜானகி என்று பெயர் வைப்பவர்கள் ஜானு என்று கூப்பிடும் வசதியையும் எண்ணித்தான் வைக்கிறார்கள். வைதேகியும் மைதிலியும் அதே சீதைதான். அவற்றுக்கு அத்தகைய செல்லச் சுருக்கம் வாய்க்கவில்லை, திரும்புதலும் மெதுவாகவே இருக்கிறது.

கிறிஸ்தவக் குடும்பங்களின் கதை இன்னொரு திசையில் போகிறது. சிவாஜிநகர், குக் டவுன், ஒயிட்ஃபீல்டு பகுதிகளில் எல்சி, டெய்சி, ரோசி, நான்சி, மெர்சி என்று ஒரே இயைபில் ஒரு தலைமுறை வாழ்ந்தது. இங்கிலாந்தில் எல்சியும் டெய்சியும் இன்று பேத்திகளுக்கு வைக்கும் பெயர்களாக முன்வரிசைக்குத் திரும்பிவிட்டன. பெங்களூரில் திரும்பவில்லை. இங்கே அந்தச் சி முடிவைச் சுற்றிப் புதிய பெயர்கள் எழவில்லை. கைகொடுக்கும் ஓசைக் கூட்டம் இல்லாத பெயர் தனியாக வர முடியாது.

இன்றைய கூட்டம் எது? பெங்களூரின் எந்த மழலையர் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் பார்க்கலாம்: ஆத்யா, ஆராத்யா, அனன்யா, அன்விகா, தன்விகா, ருத்விகா. தமிழ்ப் பற்றுள்ள வீடுகளில் யாழினி, மகிழினி. பலவற்றின் முதல் எழுத்தில் அகர மோனை, கடைசியில் யா, கா, னி என்ற இயைபு. அக்கா கமலா, தங்கை விமலா என்று வைத்த காதும் ஆத்யா, அனன்யா என்று வைக்கும் காதும் ஒன்றே, பாட்டு மாறியிருக்கிறது. யாழினிக்கு இந்த ஊரில் ஒரு சோதனை இருக்கிறது. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது, பின்னர் வழக்கொழிந்தது. ஆகவே கன்னடத்தில் அவள் யாளினி. ஆங்கில எழுத்துக்கூட்டலை வைத்து வடவர் படிக்கும்போது ழகரம் இன்னும் தூரம் போய்விடும். கர்நாடகத்தில் பிறப்புச் சான்றிதழ் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அச்சாகிறது. பெங்களூரில் பிறக்கும் தமிழ்க் குழந்தையின் பெயர் தமிழ் எழுத்தில் அரசுப் பதிவேறுவதே இல்லை என்பதைப் பெற்றோர் நன்றாக அறிந்திருக்கிறார்கள். பெயர் தேடும்போது அவர்கள் மூன்று மொழிகளில் உரக்கச் சொல்லிப் பார்ப்பது அதனால்தான்.

அந்தச் சோதனையில் பழைய பெயர்கள் சில அபாரமாகத் தேறுகின்றன. மீரா, தாரா, லீலா, மாயா ஏற்கெனவே திரும்பிவிட்டன. இரண்டு அசை, நெடில், ஆகார முடிவு. நிலா, இலா என்ற புதுப் பெயர்களுக்கு இவை அக்காமார்போல இருக்கின்றன. கமலா வாசலில் நிற்கிறது. ஷ்யாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2021இல் அமெரிக்கத் துணை அதிபரானது அந்தப் பெயரை உலகச் செய்திகளில் ஒலிக்க வைத்தது. அது மட்டும் போதாது. லா முடிவு பரவினால் கமலா வரும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு விமலாவும் வரலாம். நளினிக்கு னி முடிவு இருக்கிறது. யாழினி, மகிழினிகளின் நடுவே அது பழசாகவே தெரியாது. தாமரைப் பெயர்களில் முதலில் மீளத் தகுதியானது நளினி என்பது என் தீர்ப்பு. சரோஜாவும் வனஜாவும் ஜா முடிவு மறுபடி பிடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பங்கஜம், அம்புஜம், மரகதம் மூன்றும் அவற்றுக்கும் பின்னால் நிற்கின்றன. தமிழ் மகர ஒற்று பெண் பெயரில் மீண்டும் அழகாகக் கேட்கும் நாள் வந்தால்தான் அவற்றுக்கு வாழ்வு.

அந்த நாலு வல்லிகளில்? வேதவல்லியிலிருந்து வேதா பிழைத்துவிட்டது. பத்மவல்லி பத்மாவாகச் சுருங்கி மெலிதாக மூச்சுவிடுகிறது. அம்புஜவல்லிக்கும் கோமளவல்லிக்கும் வாரிசு இல்லை. சுருக்கினால் மிஞ்சுவது இன்றைய காதுக்கு இசைவாக இல்லை என்பதைத் தவிர அந்தப் பெயர்களில் நான் ஒரு குறையும் காணவில்லை. கும்பகோணத்துக் கோயிலையும் ஒரு பாட்டியையும் ஒரு முதலமைச்சரின் பிறப்பையும் சுமந்த பெயர், ஓர் அசைக்காகக் கைவிடப்படுவது எனக்கு வருத்தம் தருகிறது. ஓசை ஆட்சி செய்வது உண்மை. ஆனால் அந்த ஆட்சிக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு கட்டுப்பட வேண்டியதில்லை. ஒரு முடிவு அழகா இல்லையா என்பதை யாரோ ஒருவர் முதலில் வைத்துக் காட்டித்தான் மற்றவர் கேட்கப் பழகுகிறார்கள்.

குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்தபின் பெயரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணமில்லை. தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அவசரமே இல்லை. பெயர் தேடும் செயலிகளைத் திறக்கும் முன், வீட்டில் இருக்கும் மூத்தவர்களிடம் அவர்களுடைய அம்மா, பாட்டி, பெரிய பாட்டி, அத்தைமார் பெயர்களைச் சுருக்காமல் முழுதாகக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றையாவது உங்கள் பெண்ணுக்கு, சடங்குக்கு மட்டும் இல்லாமல் பள்ளிப் பதிவேட்டுக்கும் சேர்த்து, வைத்துப் பாருங்கள்.